‘சமூகப் பயிற்சி’ அன்று, சமூக வழக்காறு

சேவைகளையும் புத்தாக்கத்தையும் (இன்னொவேஷன்) அன்றாட வாழ்வின் ஊடாக ஆராயும் சமூகவியல் போக்கைத் தமிழில் அறிமுகப்படுத்தும் எழுத்துகளில் ‘சமூகப் பயிற்சிக் கோட்பாடு’ என்னும் தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் ‘சோஷியல் பிராக்டிஸ் தியரி’ எனப்படுவதில் உள்ள பிராக்டிஸ் என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து அப்படியே ஒட்டியதன் விளைவு இது. இதைப் படிப்பவர், யாரோ ஒருவர் சமூகத்துக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார் என்றுதான் எண்ணிக்கொள்வார். கோட்பாடு சொல்வதோ ஏறத்தாழ அதற்கு நேர்மாறானது.

மூலச்சொல் கிரேக்கத்தின் பிராக்டிகே, ‘செய்தல்’ என்று பொருள்படும் பிராக்சிஸின் உறவுச்சொல். இலத்தீன், பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1972-லும் பிரிட்டிஷ் சமூகவியலாளர் அந்தோணி கிடன்ஸ் 1984-லும் இதைச் சமூகக் கோட்பாட்டின் நடுவே கொண்டுவந்து வைத்தார்கள். நமக்கு இன்றியமையாத வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னவர் ஜெர்மன் சமூகவியலாளர் ஆண்ட்ரியாஸ் ரெக்விட்ஸ். ஜெர்மன் மொழியில் ‘பிராக்சிஸ்’ வேறு, ‘பிராக்டிக்’ வேறு என்று அவர் 2002-இல் எழுதினார். முன்னது கோட்பாட்டுக்கு எதிர்நிலையில் நிற்கும் மனிதச் செயல் முழுவதையும் குறிக்கும். பின்னது உடலசைவு, மனப்போக்கு, பொருள்கள், அவற்றைக் கையாளும் அறிவு எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து வாடிக்கையாகிப்போன ஒரு செயல்வகை. சமைத்தல், துணி துவைத்தல், வேலை பார்த்தல் ஆகியவை பின்னதைச் சேரும்.

காணொளிக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். பேசத் தொடங்குபவர் “என் குரல் கேட்கிறதா?” என்று கேட்கிறார். ஒலியை அடைத்துவிட்டு ஒருவர் பேசிக்கொண்டே போனால், மற்றவர்கள் சொல்லிவைத்தாற்போல் காதைத் தொட்டுக் காட்டுகிறார்கள். விடைபெற்ற பிறகும் பொத்தானைத் தேடும் சில நொடிகளுக்கு எல்லார் முகத்திலும் ஒரு சங்கடச் சிரிப்பு நிற்கிறது. இவற்றுக்கு யாரும் யாருக்கும் பயிற்சி அளிக்கவில்லை. மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் இவற்றைத் திட்டமிடவும் இல்லை. ஆனாலும் அந்தச் சேவை சேவையாக நடப்பது இவற்றால்தான். பயிற்சி என்ற சொல்லுக்குள் ஆசானும் மாணவரும் எட்டவேண்டிய ஓர் இலக்கும் ஒளிந்திருக்கிறார்கள். இங்கே மூவருமே இல்லை.

பயிற்சிக்காக வாதிடுவோர் பழைய இலக்கியத்தைத் துணைக்கு அழைப்பதுண்டு. குறுந்தொகையில் ‘பயிலியது கெழீஇய நட்பின்’ என்று வருகிறதே, அங்கே பயிலுதல் நெடுநாள் பழக்கத்தைத்தானே குறிக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் கலைச்சொல்லைப் படிப்பவர் இன்றைய காதோடு படிக்கிறார். இன்றைய காதுக்குப் பயிற்சி என்பது பயிற்சி நிலையமும் சான்றிதழும்தான். சங்கப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய பொருளில் புழங்கும் சொல்லைக் கொடுப்பது தனித்தமிழ்ப் பற்றும் ஆகாது, தெளிவும் ஆகாது.

அடுத்த போட்டியாளர் ‘நடைமுறை’. இதன்மேல் எனக்குப் பகையில்லை. ‘கோட்பாட்டில் சரி, நடைமுறையில் வேறு’ என்று சொல்லும்போது அது ரெக்விட்ஸ் சொன்ன பிராக்சிஸுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ‘நடைமுறைகள்’ என்று பன்மையாக்கியவுடன் அலுவலக வாடை வந்துவிடுகிறது. விண்ணப்பம், ஒப்புதல், முத்திரை என்னும் வரிசைதான் நினைவுக்கு வரும். எழுதிவைத்த விதிகளுக்கும் மக்கள் உண்மையில் செய்வதற்கும் உள்ள இடைவெளியை ஆராயும் துறைக்கு, அவ்விதிகளையே குறிக்கும் சொல்லைச் சூட்டுவது பொருந்தாது. ‘வழக்கம்’ இன்னும் நெருங்கி வருகிறது. என்றாலும் ‘காலையில் நடப்பது என் வழக்கம்’ என்று தனி ஒருவரின் பழக்கமாகவும் அது சுருங்கிவிடும். தனிமனிதரை அலகாகக் கொள்ளக்கூடாது என்பதே இக்கோட்பாட்டின் அடித்தளம்.

ஆகவேதான் ‘வழக்காறு’ என்கிறேன். இயங்கு இயக்கம் ஆவதுபோல், வழங்கு என்னும் வினையிலிருந்து வழக்கும் வழக்கமும் பிறக்கின்றன. ஆறு என்றால் வழி. பலரிடையே வழங்கி வழங்கித் தடம் பதிந்த வழி என்று விரித்துக்கொள்ளலாம். ‘வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே’ என்று தொல்காப்பியம் சொல்லும்போதும் வழக்கு தனி ஒருவருக்கு உரியதாக இல்லை. (உயர்ந்தோரை மட்டும் கணக்கில் எடுப்பதை இத்துறை ஏற்காது என்பது வேறு செய்தி.) வழங்குதலுக்குக் கொடுத்தல், புழக்கத்தில் இருத்தல் என்னும் இரு பொருளும் உண்டு. ‘சேவை வழங்கல்’ என்று எழுதும்போது கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் மறுபக்கம் என்று பிரித்துவிடுகிறோம். சேவை அது புழங்கும் இடத்தில்தான் உருவாகிறது என்னும் ஆய்வாளர் வாதத்துக்கு இடம் அதே வினையின் இன்னொரு பொருளில் ஏற்கெனவே இருக்கிறது.

வழக்காறு நாட்டாரியலுக்கு உரிய சொல்லாயிற்றே என்பது ஒரு மறுப்பு. அத்துறையினர் ‘நாட்டார்’ என்ற அடையைச் சேர்த்துத்தானே ‘நாட்டார் வழக்காறு’ என்கிறார்கள்? அடையை நீக்கினால் சொல் பொதுச்சொத்து.

‘புத்தாக்கம்’ என்ற சொல்லைப் பற்றி நெடிய விவாதம் எதுவும் இல்லை. கண்டுபிடிப்பு என்று எழுதாதவரை சரி. புதிதாக ஒன்றைக் காண்பதும் அது வாழ்வில் ஊன்றுவதும் ஒன்றல்ல. எலிசபெத் ஷோவ், மிகா பன்ட்சார் என்னும் ஆய்வாளர்கள் 2005-இல் ஃபின்லாந்தின் கோலூன்றி நடையை (நார்டிக் வாக்கிங்) எடுத்துக்கொண்டு இதைக் காட்டினார்கள். நடை பழையது, கோலும் பழையது. முதுமையையும் தளர்ச்சியையும் நினைவூட்டிய கோல் உடல்நலத்தின் அடையாளமாக மாறி, அதை ஊன்றும் முறை கைவந்து, மூன்றும் இணைந்தபோதுதான் புத்தாக்கம் நிகழ்ந்தது. கோலை உற்பத்தி செய்தவர்கள் மட்டும் நிகழ்த்தியதன்று அது. நடந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

அந்த நடந்தவர்களைக் குறிக்கும் ‘பிராக்டிஷனர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் ‘பயிற்சியாளர்கள்’ என்று மொழிபெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பயிற்சியாளர் என்றால் தமிழில் பயிற்சி கொடுப்பவர்! செய்பவர் கற்றுக்கொடுப்பவராகி, வாக்கியமே தலைகீழாகிவிடுகிறது. இதே கையால்தான் பல்லாண்டு வழக்காடிய மூத்த வழக்கறிஞரும் ‘பயிற்சி செய்து வருகிறார்’ என்று எழுதப்பட்டு, நேற்றுச் சேர்ந்த இளநிலையாளர்போல் நிற்கிறார். மொழிபெயர்ப்பாளர் தாம் எழுதிய வாக்கியத்தை மூலத்தை மூடிவைத்துவிட்டு ஒருமுறை படித்திருந்தால் இது நேர்ந்திராது. செய்பவரைக் குறிக்கத் தனிக் கலைச்சொல்கூடத் தேவையில்லை. ‘வழக்காற்றில் ஈடுபடுவோர்’ என்றோ, வெறுமனே ‘செய்பவர்’ என்றோ எழுதினாலே போதும்.