அடங்கினார்களா, அடக்கினார்களா?

தமிழில் சில வினைச்சொற்களை ஜோடி ஜோடியாக எழுதிப் பாருங்கள். அடங்கு, அடக்கு. ஒடுங்கு, ஒடுக்கு. முடங்கு, முடக்கு. நீங்கு, நீக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் மாறுவது ஒரே ஒரு மெய்யெழுத்து. ‘ங்’ என்ற மெல்லினம் இருந்தால் காரியம் தானாக நடந்தது. அதே இடத்தில் ‘க்’ என்ற வல்லினம் வந்து உட்கார்ந்தால் யாரோ செய்தது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன பாடம்தான். ஆனால் இந்த நான்கு ஜோடிகளுமே அதிகாரத்தைப் பேசும் சொற்களாக இருப்பதைக் கவனியுங்கள். நான் பொறுக்கி எடுத்தேன் என்பது உண்மை. ஆனால் ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை.

‘கலவரம் அடங்கியது’ என்ற செய்தியில் காவல் துறை கிடையாது. ‘கலவரத்தை அடக்கினார்கள்’ என்றதும் யார், எப்படி, எத்தனை பேருக்கு அடி என்ற கேள்விகள் வரிசையாக வந்து நிற்கின்றன. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்லலாம். இரண்டிலும் பொய் இல்லை. மொழி அரசியலில் என்ன செய்கிறது என்று கேட்டால் நாம் உடனே மேடைப் பேச்சையும் முழக்கங்களையும் நினைக்கிறோம். என்னைக் கேட்டால், வாக்கியத்தில் காரியத்தைச் செய்தவர் இருக்கிறாரா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கேட்லின் ஃபாஸி, லேரா போரோடிட்ஸ்கி என்ற உளவியலாளர்களின் ஆய்வு 2010இல் வெளியானது. உணவகத்தில் ஒரு பெண்ணால் நேர்ந்த தீ விபத்தைப் பற்றிய குறிப்பைப் பலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கிடைத்த குறிப்பில் அவர் மெழுகுவத்தியைச் சாய்த்தார். மீதிப் பேருக்கு மெழுகுவத்தி சாய்ந்தது. மற்ற விவரங்கள் எல்லாம் ஒன்றுதான். அவர் எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று கேட்டபோது, ‘சாய்த்தார்’ என்று படித்தவர்கள் விதித்த தொகை 36 சதவீதம் அதிகம். மேடையில் ஒரு பாடகியின் உடை கிழிந்த, உலகமே பார்த்த ஒரு வீடியோவை வைத்தும் சோதித்தார்கள். கிழிந்ததா, கிழித்தாரா என்ற வேறுபாடு அங்கேயும் வேலை செய்தது. கண்ணால் பார்த்த பிறகும் பழியின் எடையைச் சொல் மாற்றுகிறது.

அடுத்த ஆண்டு ஃபாஸியும் டீனி மேட்லாக்கும் நேரடியாகத் தேர்தலுக்கே வந்தார்கள். கற்பனையான ஓர் அரசியல்வாதி வாயடைப்புப் பணம் ‘வாங்கினார்’ என்று சிலருக்கும், ‘வாங்கிக்கொண்டிருந்தார்’ என்று சிலருக்கும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள், இந்த ஆள் மறுபடி ஜெயிக்கமாட்டார் என்று கூடுதல் உறுதியோடு சொன்னார்கள். அவர் கைக்குப் போன தொகையையும் பெரிதாக ஊகித்தார்கள். ‘வாங்கினார்’ என்பது முடிந்துபோன ஒரு புள்ளி. ‘வாங்கிக்கொண்டிருந்தார்’ என்றால் வாசகர் அந்த அறைக்குள்ளேயே நிற்கிறார். கட்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

ஆட்சியில் இருப்பவர்களுக்கு இது ஆய்வுக்கு முன்பே தெரியும். 1876இல் அமெரிக்க அதிபர் யுலிசீஸ் கிராண்ட் தன் ஆட்சியின் கடைசி ஆண்டறிக்கையில், தவறுகள் நேர்ந்திருக்கின்றன என்று எழுதினார். 1987இல் ரொனால்ட் ரேகன், ஈரானுக்கு ஆயுதம் போன விவகாரத்தில் கிட்டத்தட்ட அதையே சொன்னார். தவறு உண்டு, தவறு செய்தவர் இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு இருவரும் செயப்பாட்டுவினையைப் பயன்படுத்தினார்கள். தமிழில் ‘நடந்துவிட்டது’ போதும். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பது நமக்குக் கூடுதலாகக் கிடைத்த வசதி.

இன்னொரு வழி, வினையைப் பெயராக்கிவிடுவது. தொழிற்பெயர் எண், இடம், காலம், பால் காட்டாது என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். சுற்றறிக்கை எழுதுகிறவருக்கு இதைவிட வாகான சொல்வகை கிடைக்காது. ‘பணிநீக்கம்’ என்ற சொல்லில் நீக்கியவர் இல்லை, எப்போது என்றும் இல்லை. ‘விலையேற்றம்’ இன்னும் கெட்டிக்காரச் சொல்: விலை ஏறியதா, ஏற்றினார்களா என்பதே அதில் கரைந்துவிடுகிறது. செய்தவர் இல்லாத வாக்கியமெல்லாம் சூழ்ச்சி என்று சொல்லவில்லை. பல நேரம் செய்தி எழுதுகிறவருக்கே செய்தது யார் என்று தெரிந்திருக்காது. ஆனாலும் படிப்பவர் மனத்தில் பதிவது ஒன்றுதான்.

இவையெல்லாம் பழியை யார் தலையில் வைப்பது என்ற கணக்கு. பொதுக் கருத்து உருவாகும் இடத்தில் சொல் வேறு மாதிரி வேலை செய்கிறது. டொனால்ட் ரக் 1941இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பு முடிவு இதற்குப் பழைய சான்று, எனக்குப் பிடித்ததும்கூட. ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அமெரிக்கா அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். அதே பேச்சுகளைத் தடை செய்ய வேண்டுமா என்று வேறொரு குழுவிடம் கேட்டபோது, ஆம் என்றவர்கள் 46 சதவீதம்தான். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் தர்க்கத்தில் ஒன்றே. காதில் ஒன்றல்ல. ‘தடை’ என்றதும் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது, கை தயங்குகிறது.

ஏன் இப்படி? நம் தலைக்குள் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு கருத்து தயாராக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்றும், கேள்வி வந்ததும் அதை எடுத்து நீட்டுகிறோம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். அரசியல் அறிவியலாளர் ஜான் ஸாலர் 1992இல் முன்வைத்த விளக்கம் வேறு. பெரும்பாலானவர்களிடம் ஒன்றோடொன்று முட்டும் எண்ணங்கள் பல இருக்கின்றன. கேட்ட கணத்தில் எது மேலே மிதக்கிறதோ அதை வைத்துப் பதிலைக் கட்டுகிறோம். எது மிதக்கும் என்பதைக் கேள்வியில் இருக்கும் சொல் தீர்மானிக்கிறது. 1980களின் நடுவில் அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் ‘ஏழைகளுக்கான உதவிக்கு’ அரசு செலவிடுவது போதாது என்றவர்கள் பத்தில் ஆறு பேருக்கு மேல். ‘வெல்ஃபேர்’, அதாவது அரசு நல உதவி, என்ற சொல்லை வைத்துக் கேட்டால் ஏறக்குறைய நான்கில் ஒருவர். முதல் சொல்லில் பசித்த முகம் தெரிகிறது. இரண்டாவதில் தெரிவது அரசு அலுவலகமும், உழைக்காமல் பணம் வாங்குகிறவர் என்ற சந்தேகமும்.

வாக்குச்சீட்டில் கேள்வி எழுதும் வேலை இதனால்தான் லேசானதல்ல. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பதை ‘ஏற்கிறீர்களா’ என்று கேட்க முதலில் திட்டமிட்டார்கள். ‘ஏற்கிறீர்களா’ என்பதே ஆம் என்ற பதிலை நோக்கித் தள்ளுகிறது என்று பிரிட்டனின் தேர்தல் ஆணையம் 2013இல் சொல்லி, அந்தச் சொல்லை எடுக்க வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிப்பது பற்றிய வாக்கெடுப்பிலும் 2015இல் அதே கதை. நீடிக்க வேண்டுமா, ஆம் அல்லது இல்லை என்றிருந்ததை, நீடிப்பதா வெளியேறுவதா என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்கும்படி மாற்றினார்கள்.

மறுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1973 நவம்பரில் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் தொலைக்காட்சியில், தான் மோசடிக்காரன் அல்ல என்றார். மக்கள் நினைவில் தங்கியது ‘மோசடிக்காரன்’. எதிர்மறை வாக்கியத்தைப் புரிந்துகொள்ளவும் மறுக்கப்படும் படத்தை மனம் பல நேரம் முதலில் வரைகிறது. போதாததற்கு, ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மை போலத் தோன்றத் தொடங்கும் என்று 1977இல் லின் ஹாஷரும் சகாக்களும் காட்டினார்கள். எதிரியின் சொல்லை எடுத்து மறுப்பவர் அதற்கு இலவச விளம்பரமும் செய்கிறார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, சொல்லை மாற்றினால் நாட்டையே மாற்றிவிடலாம் என்று யாராவது புறப்பட்டால் நிறுத்துங்கள். தேர்தல் ஆலோசகர்கள் விற்பது அதைத்தான். ‘வாக்களிப்பீர்களா’ என்பதற்குப் பதில் ‘வாக்காளராக இருப்பீர்களா’ என்று கேட்டால் வாக்களிப்பு கூடும் என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. எழுத நன்றாக இருந்ததால் எங்கும் பரவியது. 2016இல் வேறொரு குழு இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்த விளைவு தென்படவில்லை. இரு தரப்பும் வலுவான சொற்களோடு மோதும்போது அவை ஒன்றையொன்று தணித்து, மக்கள் தங்கள் பழைய நம்பிக்கைக்கே திரும்புகிறார்கள் என்பதையும் டென்னிஸ் சாங், ஜேம்ஸ் ட்ரக்மன் ஆய்வு (2007) காட்டியது. ஒரு தரப்பின் சொல் மட்டுமே காதில் விழும் இடத்தில்தான் அதன் பிடி இறுகுகிறது.

மேலிருந்து வைத்த பெயர் மண்ணைக் கவ்வியதும் உண்டு. பிரிட்டனில் பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு, வீட்டின் மதிப்பை வைத்து வசூலித்த உள்ளாட்சி வரியை எடுத்துவிட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு புதிய முறை கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தில் 1989இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990இல். வைத்த பெயர் ‘கம்யூனிட்டி சார்ஜ்’, அதாவது சமூகக் கட்டணம். கட்டணம் என்றால் பெற்ற சேவைக்குக் கொடுக்கும் காசு, யாருக்கு உறுத்தும் என்ற எண்ணம். மக்கள் அந்தப் பெயரைத் தொடவே இல்லை. ‘போல் டாக்ஸ்’, தலைவரி என்றார்கள். 1381இல் உழவர்களைக் கிளர்ந்தெழ வைத்த வரியின் பெயர் அது. அறுநூறு ஆண்டுப் பழைய கோபம் ஒரே சொல்லில் வந்து இறங்கியது. மாளிகையில் இருப்பவருக்கும் சின்ன வீட்டில் இருப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே தொகை என்ற சுமைதான் எதிர்ப்புக்கு முதல் காரணம். பெயர் அந்தச் சுமைக்கு ஒரு வரலாற்றைக் கொடுத்தது. 1990 மார்ச் 31 அன்று லண்டனில் கலவரம். நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். 1993இல் அந்த வரியும் போய், வேறொன்று வந்தது. அதற்கு அரசு ‘கவுன்சில் டாக்ஸ்’ என்று பெயர் வைத்தது. இந்த முறை வரியை வரி என்றே எழுதினார்கள்.