கரண்ட் போன பிறகு தொட்டி எப்படி நிற்கும்? மலையகத்தில் பெரிய கடல் மீன் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு

கடல் மீன் தொட்டி பற்றிக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் மீனிலிருந்துதான் தொடங்குவார்கள். கோமாளி மீன் எத்தனை விடலாம், பவளம் வளருமா, எந்த லைட் நல்லது என்று கேள்விகள் வரும். தொட்டி கட்டிப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள். தொட்டி வைக்கப் போகும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது? கரண்ட் போனால் உங்கள் பக்கம் எவ்வளவு நேரம் போகும்? கண்டி, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் நான் போய்ப் பார்த்த பாழான தொட்டிகளில் நோய் வந்து போனவை குறைவு. தரை இறங்கியவை, தண்ணீர் வழிந்தவை, இரவில் கரண்ட் போய் மூச்சுத் திணறியவைதான் அதிகம். இவை எல்லாம் முதல் மீன் வருவதற்கு முன்பே தீர்மானமாகிற விஷயங்கள்.

முதலில் பாரம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 450 லீற்றர். கடல் தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோவை விடச் சற்று அதிகம், 1.025 கிலோ. 12 மில்லிமீற்றர் கண்ணாடி மட்டும் 90 கிலோ வரும். பாறையும் மணலும் சேர்த்து இன்னொரு 90 என்று வையுங்கள். கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி, அதாவது வடிகட்டி, ஹீட்டர், பம்ப் எல்லாம் ஒளிந்திருக்கும் சம்ப், அதன் தண்ணீரோடு நூறு கிலோவைத் தாண்டும். ஸ்டாண்டையும் கூட்டினால் மொத்தம் ஏறக்குறைய 800 கிலோ, எட்டுச் சதுர அடியில். ஒரு தடவை நிரப்பிவிட்டால் யாராலும் அசைக்க முடியாது.

சமதரையில் கட்டிய வீடென்றால் இதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை. நம் பக்கத்து வீடுகள் சரிவில் நிற்பவை. மேல் பக்கத்து மண்ணை வெட்டி, அதே மண்ணைக் கீழ்ப் பக்கம் நிரப்பி, மேலே தளம் போட்டிருப்பார்கள். வெட்டிய பக்கம் கெட்டி. நிரப்பிய பக்கம் மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக அமரும். ஆனால் ஜன்னலும் காட்சியும் நல்ல வெளிச்சமும் இருப்பது அந்த நிரப்பிய பக்கத்தில்தான், எல்லாரும் தொட்டிக்குக் காட்டும் இடமும் அதுவே. பண்டாரவளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படித்தான் பள்ளத்தாக்கைப் பார்க்கும் மூலையைக் காட்டினார். "சேர், இந்த மூலை வேண்டாம், உள்சுவர்ப் பக்கம் வைப்போம்" என்றேன். "ஏன் தம்பி, இங்கே வைத்தால் தானே வடிவு?" என்றார். ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் காட்டினேன். நாலு அடிக்குள் குமிழி கோட்டை விட்டு ஓடியது. வீடு கட்டியபோது அது மட்டமாகத்தான் இருந்திருக்கும்.

தரையில் டைல் என்றால் ஒரு ரூபாய்க் குற்றியால் தட்டிப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் சரி. வெறுமையாக எதிரொலித்தால் அந்த இடத்தில் அடியில் சீமெந்து பிடிக்கவில்லை. ஸ்டாண்டின் கால் அதன் மேல் வந்தால் டைல் வெடிக்கும், வெடித்தால் ஸ்டாண்ட் சரியும். பழைய பங்களாக்களின் பலகைத் தரை இன்னொரு தலைவலி. அடியில் விட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்த்து, அவற்றுக்குக் குறுக்காகத் தொட்டியை வைத்தால் பாரம் பல விட்டங்களுக்குப் பிரியும். அப்படியும் மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்து அடியில் இறங்கிப் பார்க்கச் சொல்லாமல் நான் வேலை எடுப்பதில்லை. லயன் அறைகளில் இந்த அளவுத் தொட்டி வேண்டவே வேண்டாம். வீட்டுச் சுவரிலோ தரையிலோ புதிதாக வெடிப்பு ஓடுகிறது என்றால் மீன் தொட்டிப் பேச்சை விட்டுவிட்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

ஸ்டாண்டை இரும்பு பொக்ஸ் பாரில் அடிக்கலாம், மரத்திலும் செய்யலாம். இரும்பென்றால் வெல்டிங் மூட்டுகளில் துருத்தடுப்புப் பெயின்ட் தாராளமாக ஏற வேண்டும். உப்புத் தண்ணீர் தேடிப் போவது அந்த இடங்களைத்தான். மரமென்றால் ஒன்றை மட்டும் குனிந்து பாருங்கள்: மேல் சட்டம் காலின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதா, அல்லது காலின் பக்கவாட்டில் ஆணியால் தொங்குகிறதா? பக்கவாட்டில் தொங்கினால் 800 கிலோவையும் தாங்குவது நாலைந்து ஸ்க்ரூ ஆணிகள். கட்டில் செய்யும் பழக்கத்தில் தச்சர்கள் இப்படிச் செய்துவிடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். எம்.டி.எஃப். பலகை பக்கமே போகாதீர்கள், ஈரம் பட்டால் ஊதிவிடும். மேலே 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட், அதன் மேல் ரெஜிபோம் தகடு, அதன் மேல் தொட்டி. தொட்டியின் அடிக்கண்ணாடி பிளாஸ்டிக் சட்டத்தில் உட்காரும் வகையென்றால் மட்டும் ரெஜிபோம் வேண்டாம். ஸ்டாண்ட் கதவு வழியாக சம்பை வெளியே எடுக்க முடிகிறதா, ஸ்கிம்மரின், அதாவது காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவியின், நுரைக் கிண்ணத்தை மேலே தூக்க இடம் இருக்கிறதா என்பதையும் அடிக்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

சரி, இனி கரண்ட்.

பம்ப் ஓடும்போது மேல் தொட்டியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் சம்புக்கு இறங்கும், பம்ப் அதைத் திருப்பி மேலே ஏற்றும். கரண்ட் போனதும் ஏற்றுவது நிற்கும், இறங்குவது நிற்காது. வழியும் விளிம்பு மட்டம் வரை மேல் தண்ணீர் இறங்கும். அதோடு, பம்பிலிருந்து மேலே போகும் பைப்பின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அந்தப் பைப் வழியாகவே தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு இறங்கும். நாம் எடுத்த தொட்டியில் ஓர் அங்குலம் தண்ணீர் என்றால் 19 லீற்றர். பைப் வாய் இரண்டு அங்குலம் ஆழத்தில் இருந்தால் 38 லீற்றர் கீழே வரும். 3 அடிக்கு 15 அங்குலம் உள்ள சம்பில் அது நாலு அங்குலத்துக்கும் மேல் மட்டத்தை உயர்த்தும். 16 அங்குல உயரமான சம்பை "நிறையத் தண்ணீர் இருந்தால் நல்லதுதானே" என்று 13 அங்குலம் வரை நிரப்பியிருந்தால், இரவு நீங்கள் தூங்கும்போது மிச்சம் வரவேற்பறையில் நிற்கும். பத்து அங்குலத்தோடு நிறுத்துங்கள்.

இதற்கு, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு போட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உப்புப் படிவும் சுண்ணாம்புப் படிவும் ஏறி, ஒரு சின்ன நத்தை போய் உட்கார்ந்தால்கூட அது முழுதாக மூடாது. பைப் வாயை மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள்; மட்டத்தை ஒட்டி அந்தப் பைப்பில் சின்னத் துளை ஒன்று போட்டால் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்கும், வாராவாரம் குத்திவிட வேண்டும். இறங்கும் பைப்பும் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று வேலை செய்யும். மற்றது அதைவிடச் சற்று உயரத்தில் வாய் திறந்து வெறுமனே நிற்கும், முதலாவது அடைத்த நாளில் அது காப்பாற்றும். அதற்கு வால்வு போடாதீர்கள்.

இதையெல்லாம் உப்புப் போடுவதற்கு முன், சாதாரணத் தண்ணீரில் சோதியுங்கள். பம்பை ஓடவிட்டு சம்பின் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு. பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீர் இறங்கி நின்ற பிறகு இன்னொரு கோடு. திரும்பப் போடுங்கள், பழைய கோட்டுக்கு வருகிறதா என்று பாருங்கள். பகலிலும் இரவிலும் பல தடவை செய்யுங்கள். ஒரு வாரம் அப்படியே நிற்கட்டும். சிலிக்கன் கசிவு, ஸ்டாண்ட் இறக்கம் எல்லாம் அந்த வாரத்தில் தெரிந்துவிடும். ரசமட்டத்தை நிரப்புவதற்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்க்க மறக்க வேண்டாம்.

வழிவதைவிடப் பெரிய ஆபத்து மூச்சு. கொழும்புக்காரர்கள் சொல்லும் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறையும். 25 பாகைக் கடல் தண்ணீர் கரையோரத்தில் லீற்றருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும் என்றால், நுவரெலியாவில் 5.4 அளவில் நின்றுவிடும். கண்டியில் வித்தியாசம் சொற்பம், ஹட்டன், பண்டாரவளையில் நடுத்தரம். பம்பும் ஸ்கிம்மரும் ஓடும்வரை இது தெரியவே தெரியாது. அவை நின்றால், கீழ்நாட்டுத் தொட்டி தாங்கும் நேரம் நம் தொட்டி தாங்காது. அதனால் கரையோரத்தில் விடும் மீன் எண்ணிக்கையைவிடக் குறைத்தே விடச் சொல்வேன்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சாதாரண நாளிலும் காற்றடித்தால் ஒரு யூக்கலிப்டஸ் கிளை போதும். ஆகவே பட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம்; கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும் வகை நல்லது. வசதி இருந்தால் தொட்டிக்குள் அலை கொடுக்கும் சின்ன மோட்டரை மட்டும் இன்வேட்டரில் இணையுங்கள். ஹீட்டரை இன்வேட்டரில் கொடுத்தால் பட்டரியை ஒரே மூச்சில் குடித்துவிடும். 500 லீற்றர் தண்ணீர் ஒரு பாகை குளிர நேரம் எடுக்கும். தொட்டியைச் சுற்றிக் கம்பளி ஒன்றைப் போர்த்தி, மேற்பரப்பைத் திறந்து விட்டால் இரவு ஓடிவிடும்.

கொழும்பில் தண்ணீரைக் குளிரவைக்கச் செலவு செய்கிறார்கள், நாம் சூடாக்கச் செலவு செய்கிறோம். தண்ணீர் 25 பாகை, அறை 15 பாகை என்றால் இந்தத் தொட்டிக்கு 300 வொட் ஹீட்டர் இரண்டு வேண்டும். 600 வொட்டில் ஒன்று போடக் கூடாது: இரண்டாக இருந்தால் ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும், ஒன்று அணையாமல் சிக்கினாலும் மீன் வெந்துபோகாது. இரண்டும் அரைவாசி நேரம் எரிந்தால் நாளுக்கு 7 அலகுக்கு மேல், மாதம் 216. மின்கட்டணப் பட்டியல் எந்தப் படிக்கு ஏறும் என்று முதலிலேயே வீட்டில் பேசிவிடுவது நல்லது. தொட்டியின் பின்பக்கத்துக்கும் பக்கங்களுக்கும் சம்பைச் சுற்றியும் ரெஜிபோம் ஒட்டினால் கணிசமாகக் குறையும். ஹீட்டரை சம்பின் கடைசி அறையில், பம்ப் இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள். ஆவியாகிக் குறையும் தண்ணீரெல்லாம் அங்கேதான் குறையும். ஹீட்டர் வெளியே தெரிந்தால் வெடிக்கும். ஸ்கிம்மர் நிற்கும், மட்டம் மாறாத அறைதான் அதற்கு இடம்.

குளிர் அறையில் சூடான தண்ணீர் நிறைய ஆவியாகும். அந்த ஆவி ஜன்னலிலும் சீலிங்கிலும் படிந்து பூஞ்சணம் பிடிக்கும், சுவர்ப் பெயின்ட் உரியும். குளிருக்குப் பயந்து ஜன்னலைப் பூட்டியே வைத்தால் அறையில் காபனீரொட்சைட்டு கூடித் தண்ணீரின் பி.எச். இறங்கும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். விறகடுப்புப் புகை வரும் பக்கமாக விடாதீர்கள், அவ்வளவுதான். குறைந்த தண்ணீருக்கு உப்பில்லாத தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர், உப்பு அங்கேயே இருக்கிறது.

மின்சார வேலையில் தயவுசெய்து மிச்சம் பிடிக்க வேண்டாம். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த், இரண்டும் இல்லாத வீட்டில் நான் பிளக் போடுவதில்லை. மல்டி பிளக்கை ஸ்டாண்டுக்குள் தரையில் போடாமல் சுவரில் உயர்த்தி அடியுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகுமுன் அதற்குக் கீழே ஒரு தடவை தொங்கி ஏற வேண்டும், வயர் வழியே வரும் சொட்டு அங்கே விழட்டும்.

உப்பு விஷயத்தில் ஒரு கேள்வி அடிக்கடி வரும்: புத்தளத்து உப்பு, ஆனையிறவு உப்பு கடலிலிருந்து தானே வருகிறது, அதைக் கரைத்தால் என்ன? உப்பளத்தில் உப்பு விளையுமுன்பே கல்சியத்தின் பெரும்பகுதி படிந்து பிரிந்துவிடும், மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கழிவு நீரோடு போய்விடும். நம் கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு. தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையே வேண்டும், 500 லீற்றருக்கு 18 முதல் 20 கிலோ; உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ரெக்டோமீற்றரில் 1.025 காட்ட வேண்டும். ஊற்றுத் தண்ணீர் சுத்தமாகத் தெரிந்தாலும் தேயிலைக்குப் போட்ட உரம் அதில் கலந்திருக்கலாம், ஆர்.ஓ. வடிகட்டியில் விட்டுத்தான் எடுக்க வேண்டும். பாறைக்கு, காய்ந்த பாறையோ செயற்கைப் பாறையோ வாங்குங்கள். நம் கடலில் பவளப் பாறையை உடைத்து எடுப்பது சட்டவிரோதம். யாராவது மலிவாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மீன் கழிவைச் சிதைக்கும் பக்டீரியா பாறையில் பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வரும்வரை மீன் கிடையாது.

மீன் கொழும்பிலிருந்து வரும் அன்று கடைக்காரரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கடல்மட்டத்தில் விறைக்க ஊதிக் கட்டிய பை, நானுஓயாவுக்கு ஏறும்போது உள்ளே இருக்கும் வாயு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விரியும், சிப்ஸ் பக்கற் மேலே வந்ததும் ஊதுமே, அதே மாதிரி. ரப்பர் பட்டி கழன்று தண்ணீர் கொட்டிய பைகளை வாங்கியிருக்கிறேன். வாயு கொஞ்சம் தளர்வாக இருக்கும்படி, இரட்டைப் பையில் கட்டச் சொல்லி, ரெஜிபோம் பெட்டியில் மூடி அனுப்பச் சொல்லுங்கள். இரவு பஸ்ஸில் பின் கதவுப் பக்கம் வைத்து வந்தால் வீடு வரும்போது பைத் தண்ணீர் 18 பாகைக்கு இறங்கியிருக்கும். அப்படி வந்த பையை உடனே வெட்டிக் கொட்டாமல், சம்பின் மேல் மிதக்கவிட்டு, சூடு சமமானதைத் தேர்மோமீற்றரில் பார்த்த பிறகு திறவுங்கள்.