ட்ரங்க்: பெட்டி முதல் கேபிள் வரை

ட்ரங்க் என்றதும் சிலருக்குப் பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டி நினைவுக்கு வரும். சற்று மூத்தவர்களுக்கு ட்ரங்க் கால். சென்னையில் தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களில் எத்தனை பேர் அதன் விரிவைச் சொல்வார்களோ! கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு. தரைத்தளத்து ரவுட்டரையும், நான்காம் மாடிக் கணினிகளை வலையில் சேர்க்கும் சுவிட்சையும் இணைக்கிற பொறியாளர் சொல்வதும் இதே ட்ரங்க்தான்.

லத்தீனில் ட்ருங்குஸ் என்றால் கிளை கழித்த அடிமரம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடிமரத்தைக் குடைந்து பெட்டி செய்ததால் பெட்டிக்கும் அந்தப் பெயர் என்பார்கள். கிளைகள் பிரியும் பெரும்பாதை என்ற பொருளில் ரயிலும் சாலையும் சொல்லை எடுத்துக்கொண்டன. தொலைபேசியில் இரண்டு நிலையங்களை இணைக்கும் தடம் ட்ரங்க் ஆனது. எல்லாருக்கும் பொதுவான அந்தத் தடங்கள் கொஞ்சம்தான். வெளியூருக்குப் பேசப் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடந்தது அதனால்தான். பதிவு செய்யாமல் வெளியூருக்கு நாமே நேராக எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதியாக, 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே இந்தியாவில் முதலில் வந்த எஸ்.டி.டி.யின் முதல் ‘டி’யும் ட்ரங்க்தான்.

கணினி வலையமைப்பிலும் அதே பொதுத்தடம்தான். கணக்குப் பிரிவு, விருந்தினர் வைஃபை, கண்காணிப்புக் கேமரா என மூன்று தனி வலைகள். மாடிக்குப் போவது ஒரே கேபிள். தரவு துண்டு துண்டாகத்தான் போகும்; சட்டகம் என்கிற அந்தத் துண்டில் 4 பைட் சீட்டு ஒன்றைச் செருகி, எந்த வலைக்கு உரியது என்று எண்ணிட்டு அனுப்புகிறார்கள். 802.1க்யூ என்ற தரம் சொல்லும் முறை இது. எண்ணுக்கு 12 பிட், பயன்படுத்தக்கூடியவை 4094. ஒரு முனையை ட்ரங்க் ஆக்கிவிட்டு மறுமுனையை ஒரே வலைக்கான சாதாரண போர்ட்டாகவே விட்டுவிட்டால், விளக்கு பச்சையாக எரியும், கணக்குப் பிரிவு வேலை செய்தாலும் செய்யும், விருந்தினர் வைஃபையும் கேமராவும் கிடைக்காது. கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்து அரை நாளைத் தொலைப்பது இங்கேதான்.

குழப்பம் இன்னும் இருக்கிறது. வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் மொழியில் ட்ரங்க் என்றால் ஒரே இணைப்பில் பல வலைகள். எச்பி சுவிட்சுகளில் பல இணைப்புகளைச் சேர்த்து ஒன்றாக்குவது. கேபிள் கடையிலோ 12, 24 ஒளியிழைகளை ஒரே உறைக்குள் அடக்கிய வடம்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘முதன்மை வடம்’ எனக்குப் பிடிக்கவில்லை. முக்கியமானது என்கிறதே தவிர, பல ஒன்றாகப் போவதைச் சொல்லவில்லை. செடி மரங்களின் அடிக்கு நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? நெல்லுக்குத் தாள், கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கு அடி, வாழைக்குத் தண்டு. வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கும்போது ஒவ்வொரு வில்லையிலும் நூல் நூலாக நார் இழுபடும்; விரலில் சுற்றி எடுப்போம். ஒரே தண்டுக்குள் அத்தனை இழை. ஆகவே பல வலைகளைச் சுமக்கும் இணைப்புக்குத் ‘தண்டிணைப்பு’ என்பேன். கேபிளைத் ‘தண்டுவடம்’ என்று சொல்ல ஆசைதான். அதை மருத்துவர்கள் முதுகுக்குள் வைத்துக்கொண்டார்கள். எனவே பல இழை வடத்துக்குக் ‘கற்றை வடம்’. பல இணைப்புகளை ஒன்றாக்குவதற்கு ‘இணைப்புத் திரட்டு’. ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியதை நாமும் ‘ட்ரங்க்’ என்றே எழுதிச் சுமக்க வேண்டியதில்லை. தகரப் பெட்டி மட்டும் ட்ரங்குப் பெட்டியாகவே இருக்கட்டும்.