மனநோய்க்குச் சான்றிதழ் வாங்கப் போகிறீர்களா? பழைய ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

போன ஆடி மாதம் ஓர் அம்மாவுக்குத் துணையாக அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மகனுக்கு 32 வயது. மனச்சிதைவு நோய், பதினோரு வருடமாக மாத்திரை. அன்றைக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான மதிப்பீடு. டாக்டர் முன்னால் போய் நிற்கப் போகிறானே என்று அம்மா அவனை விடியற்காலையிலேயே குளிக்க வைத்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, நெற்றியில் திருநீறு பூசிக் கூட்டி வந்திருந்தார்.

"தம்பி தானாக் குளிப்பாரா?" என்று கேட்டார் டாக்டர்.

"அதெல்லாம் அவனே பாத்துக்குவான் சார்."

"கடை கண்ணிக்குப் போய் வருவாரா?"

"போவான் சார். நல்ல புள்ள சார்."

சதவீதம் நாற்பதுக்குக் கீழே வந்தது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் அந்த அம்மா வாயைத் திறந்தார். "அவனைக் குளிக்க வைக்கத் தெனமும் ஒரு மணி நேரம் போராடுறேன்யா. அத்தன பேரு முன்னாடி அதை எப்படிச் சொல்றது?"

அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லாமல் விட்டதற்கு அவர் கொடுத்த விலை ஆறு மாத அலைச்சல்.

சட்டத்தைப் பற்றித் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சொல்லும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். சிகிச்சை கேட்பது உரிமை என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சொல்கிறது. மிச்ச வரலாறு அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும். வரிசையில் நிற்கும் நேரத்தில் படித்துக்கொள்ளலாம்.

நன்றாக இருந்தால் ஃபெயில் ஆகும் பரீட்சை

கால் ஊனத்தை அளக்கலாம், கண் பார்வையை அளக்கலாம். மனநோயை எதை வைத்து அளப்பது? அதற்கு 'ஐடியாஸ்' என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை செய்வது என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். சிரமம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். அப்புறம் நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு: இரண்டு வருடத்துக்குள் என்றால் 1, பத்து வருடத்தைத் தாண்டினால் 4. எல்லாம் கூட்டி 7 வந்தால்தான் 40 சதவீதத்தைத் தொடலாம்.

இதில்தான் பலர் விழுகிறார்கள். நான்கு தலைப்பிலும் தலா ஒரு மதிப்பெண் வாங்குகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 4. நோய் வந்து பன்னிரண்டு வருடம் என்று சீட்டுகளைக் காட்டினால் இன்னொரு 4 சேர்ந்து 8 ஆகிவிடும், தேறிவிட்டார். கையில் போன வருடச் சீட்டு மட்டும்தான் இருக்கிறதென்றால் 4 உடன் 1 சேர்ந்து 5. வீட்டுக்குப் போகலாம். ஆளும் அதே ஆள், நோயும் அதே நோய். நடுவில் காணாமல் போனது பழுப்பேறிய நாலு துண்டுக் காகிதம்.

அந்தக் காகிதங்கள் ஏன் காணாமல் போகின்றன என்பதும் எனக்குத் தெரியும். பொண்ணு பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடும் என்று கிழித்துப் போடுகிறோம். முதல் இரண்டு மூன்று வருடம் கோயில், தர்கா, மந்திரம் என்று போகிறது; அதற்கெல்லாம் ரசீது கிடையாது. தனியார் டாக்டரோ சில சமயம் இரக்கப்பட்டே நோயின் பெயரை எழுதாமல் மாத்திரையை மட்டும் எழுதித் தருவார். அந்த இரக்கம் பத்து வருடம் கழித்துக் காலை வாரும். நோயின் பெயர், சிகிச்சை தொடங்கிய தேதி இரண்டையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தன் மருத்துவப் பதிவுகளைப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு என்று 2017 சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. பல வருடம் முன்பு உள்நோயாளியாக இருந்த மருத்துவமனையாக இருந்தாலும் எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் "ரெக்கார்டு ரூம் பூட்டியிருக்கு" என்ற பதில்தான் வரும்.

மதிப்பீட்டுக்குப் போகும் முன்பு ஒரு வேலை செய்யுங்கள். ஒரு முழுப் பக்கத்தில், வீட்டில் உண்மையில் நடப்பதை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிக்கிறார், சொல்லாமல் சாப்பிடுகிறாரா, கடைசியாக எப்போது வேலைக்குப் போனார், எத்தனை நாளில் நின்றார், ராத்திரி தூங்குகிறாரா. போன இரண்டு வருடத்தில் எத்தனை மாதம் நோய் முற்றியிருந்தது என்பதையும் குறியுங்கள். அந்தத் தாளை டாக்டர் கையில் கொடுத்துவிடலாம். பெற்ற பிள்ளையின் குறைகளை அவன் காதுபட அடுக்க வேண்டாம். கேட்டுக்கொண்டு நிற்கும் அவனுக்கும் மனசு உண்டு. கூட்டிச் சொல்லவும் வேண்டாம். சொல்லிக்கொடுத்து நடிக்க வைத்தால் மனநல மருத்துவருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், அதோடு உண்மையும் எடுபடாமல் போகும். என்றைக்கும்போல விட்டுக் கூட்டிப் போங்கள். இஸ்திரிச் சட்டை கல்யாணத்துக்கு இருக்கட்டும்.

எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார்கள் என்று பாருங்கள்

விண்ணப்பம் இப்போது ஆன்லைனில்தான், தனித்துவ அடையாள அட்டைக்கான மத்திய அரசு இணையதளம் வழியாக. பெரும்பாலோர் இ-சேவை மையத்தில் போடுகிறார்கள். அங்கே இரண்டு ஆபத்து.

முதலாவது, உங்கள் எண்ணுக்குப் பதிலாக மையத்துக்காரர் தன் செல்போன் எண்ணைப் போட்டுவிடுவார். ஓடிபி வேலை சீக்கிரம் முடியுமாம். மதிப்பீட்டுத் தேதி சொல்லும் குறுஞ்செய்தி அவருக்குப் போகும், உங்களுக்கு வராது.

இரண்டாவது இன்னும் மோசம். மனநோயும் அறிவுசார் குறைபாடும் வேறு வேறு வகை. 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று முன்பு சொன்னது பின்னதை. "எல்லாம் மூளை சம்பந்தப்பட்டதுதானே" என்று அதில் டிக் அடித்துவிடுகிறார்கள். சிலர் தெரிந்தே அடிக்கச் சொல்வதும் உண்டு. ரயில் கட்டணச் சலுகை அறிவுசார் குறைபாட்டுக்கு உண்டு, மனநோய்க்கு இல்லை. வேண்டாம். மதிப்பீட்டு அறையில் மனநல மருத்துவர் சீட்டைப் பார்த்ததும் திருப்பி அனுப்புவார், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதே குழப்பம் காப்பாளர் சான்றிலும் வரும். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன்படி கலெக்டர் தலைமையிலான குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். ஆனால் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு மட்டும்தான். மனநோய் மட்டும் உள்ளவர் அதில் வரமாட்டார். இதை முதல் நாளே யாரும் சொல்வதில்லை. மூன்று முறை நடக்க விட்டு, நாலாவது முறை சொல்வார்கள்.

"ரேஷன் கார்டு எந்த மாவட்டமோ அங்கே போங்க" என்பது இன்னொரு பழைய பாட்டு. சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம் என்று 2016 சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகள் சொல்கின்றன. 2024இல் விதிகளைத் திருத்தி, சான்றிதழ் தர மூன்று மாதம் என்று கெடுவை நீட்டியிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் முடிவாகாமல் கிடக்கும் விண்ணப்பத்தை மறுபடி போட வேண்டுமாம். கிடப்பில் போட்டது யார் என்று கேட்கக் கூடாது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் மேல்முறையீடு நிற்காது. மேல்முறையீட்டுக்கு 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த அம்மா அப்படித்தான் போனார். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த பதினோரு வருடச் சீட்டுகளை வருட வாரியாகக் கட்டி, மேலே வீட்டு நிலவரம் எழுதிய ஒரு பக்கத்தையும் வைத்துக் கொடுத்தார். இந்த முறை நாற்பதைத் தாண்டியது.

சான்றிதழ் வாங்கினால் 'பைத்தியம்' என்று சட்டமே முத்திரை குத்திவிடும், சொத்தில் கையெழுத்துப் போட முடியாது என்று பயந்து வாங்காமல் இருப்பவர்களும் நிறைய. 2017 சட்டத்தின் 3ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார், அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

பணம் வரும் ஜன்னல் வேறு

சான்றிதழ் வந்ததும் உதவித்தொகை தானாக வராது. தமிழ்நாட்டில் வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். இதற்குத் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை வேறு, அதற்கான அலுவலகமும் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு ஏறி இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

தாலுகா ஜன்னலில் "எண்பது சதவீதம் இருந்தாத்தான்" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். எண்பது என்பது மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கான கணக்கு. மாநிலத் திட்டத்துக்கு 40 போதும். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனுதான். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள், இல்லாவிட்டால் முதலமைச்சர் உதவி எண் 1100. விண்ணப்பப் படிவத்துக்குக் காசு கிடையாது. வாசலில் நிற்கும் புரோக்கருக்கு மட்டும்தான் காசு.

மாத்திரை நின்றால் சீட்டும் நிற்கும்

இத்தனைக்கும் அடிப்படை தொடர் சிகிச்சை. "கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று யாராவது கைகாட்டினால் உடனே பஸ் ஏறாதீர்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டக் குழு இருக்கிறது. தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் மனநல மருத்துவர் வருவார். எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு போங்கள். தெரியாமல் போய், "இன்னைக்கு டாக்டர் இல்ல" என்று கேட்டு, அதோடு மாத்திரையை விட்டவர்கள் ஏராளம்.

அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் எப்போதும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். "ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிக்கோங்க" என்றால் அதையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, கொஞ்சம் தேறிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நோய் திரும்பும். சீட்டில் விழும் இடைவெளியைப் பார்த்து "நடுவுல நல்லாத்தானே இருந்திருக்காரு" என்றும் கேட்பார்கள்.

"எனக்கு ஒன்னுமில்ல, நீ வேணா போய்க் காட்டு" என்று வர மறுக்கிறாரா? அதுவே பல சமயம் நோயின் அறிகுறி. கையைக் கட்டித் தூக்கிப் போவது பதில் இல்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத் தீயில் சங்கிலியோடு வெந்து செத்த 28 பேருக்குப் பிறகு இதை விளக்கவே கூடாது. முதலில் வீட்டுக்காரர் மட்டும் போய் டாக்டரிடம் பேசலாம். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் கீழே பாருங்கள். மனநோய்க்குப் பெரும்பாலும் 'தற்காலிகம்' என்று முடிவுத் தேதி போட்டுத் தருகிறார்கள். அந்தத் தேதி தாண்டினால் ஓய்வூதியம் நிற்கும் ஆபத்து உண்டு, நினைவூட்ட யாரும் கடிதம் போடமாட்டார்கள். நான்கு மாதம் முன்னாலேயே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். மறு மதிப்பீட்டு நாளில் பத்து மணிக்கு வரச் சொல்வார்கள், பெயர் கூப்பிட மதியம் இரண்டாகும். தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் தயிர்சாதம், மதிய மாத்திரை மூன்றையும் சீட்டுக் கட்டோடு அதே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.