சட்டமன்றத்தின் ஆயுள் குறைந்தால் வாக்காளர் எதை இழக்கிறார்?

தேர்தல் முறைகேட்டைப் பற்றி வழக்குப் போட வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது நாள்கணக்கைத்தான். முடிவு அறிவிக்கப்பட்டு 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கலாகிவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும், தாமதத்தை மன்னிக்கும்படி கேட்க வழியில்லை. அதைக் கேட்டுக்கொண்ட பிறகு, அநேகமாக எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்: "வழக்கு முடிவதற்குள் ஜெயித்தவருடைய பதவிக்காலம் முடிந்துவிடாதா, சார்?"

முடிந்துவிடலாம். விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 86ஆவது பிரிவு. நடப்பது வேறு. மனுவை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யச் சொல்லி எதிர்மனுதாரர் ஒரு விண்ணப்பம் போடுவார். அதன் மீதான உத்தரவை எதிர்த்து யாராவது ஒருவர் உச்ச நீதிமன்றம் போவார். சாட்சி விசாரணை தொடங்குவதற்கு முன்பே வாய்தாக்களில் நாட்கள் கரைந்துவிடும்.

2016 ராதாபுரம் தேர்தல் பலருக்கு நினைவிருக்கும். வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். தபால் வாக்குகள் 203 செல்லாதவையாகத் தள்ளப்பட்டிருந்தன. அவற்றுக்குச் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதுதான் பிரச்சினை. சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. வாக்குகள் எண்ணவும் பட்டன. ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அடுத்த பொதுத்தேர்தலே வந்துவிட்டது. முழு ஐந்தாண்டு இருந்தும் நிலை இதுதான்.

பதவிக்காலத்தை மாற்றும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வருகிறது. 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்ட அரசியலமைப்பு 129ஆவது திருத்த மசோதாவை எல்லோரும் 'ஒரே நாடு ஒரே தேர்தல்' என்றே அறிவார்கள். தேர்தல் செலவு மிச்சமாகுமா என்பதைச் சுற்றியே விவாதம் நடக்கிறது. மாநிலச் சட்டமன்றத்தின் ஆயுளை அந்த மசோதா என்ன செய்கிறது என்பதைப் படித்தவர்கள் மிகக் குறைவு.

இப்போதைய சட்டம் எளிமையானது. அரசியலமைப்பின் 172ஆவது உறுப்பின்படி, முன்னதாகக் கலைக்கப்படாவிட்டால், முதல் கூட்டத்துக்குக் குறிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு. அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. நெருக்கடி நிலைப் பிரகடனம் அமலில் இருந்தால் மட்டும், நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மிகாமல் நீட்டிக்கலாம்.

இந்த ஐந்தில் ஏற்கெனவே ஒருமுறை கைவைத்துப் பார்த்தார்கள். 1976இல் வந்த 42ஆவது திருத்தம் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஆறாண்டு கொடுத்தது. கேரளத்தில் 1970இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம், நெருக்கடி நிலைக் கால நீட்டிப்புகளால் 1977 வரை நீடித்தது. தமிழ்நாட்டிலோ அதே நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31 அன்று, சட்டமன்றம் கலைக்கப்பட்டு, 1977 ஜூன் வரை மக்களுக்கு ஒரு சட்டமன்றமே இல்லாமல் போனது. ஒரே காலத்தில் ஓர் ஊரில் நீட்டிப்பு, இன்னோர் ஊரில் கலைப்பு! 1978இன் 44ஆவது திருத்தம் ஆறை மறுபடியும் ஐந்தாக்கியது.

இப்போதைய மசோதா ஆயுளைக் குறைக்கிறது. பொதுத்தேர்தலுக்குப் பிறகு மக்களவை முதன்முதலாகக் கூடும் நாளில் குடியரசுத் தலைவர் அறிவிக்கை வெளியிடலாம். அதுவே 'குறித்த நாள்'. அதற்குப் பிறகு நடக்கும் தேர்தல்களில் அமையும் சட்டமன்றங்கள் எல்லாம், எப்போது அமைந்திருந்தாலும், அந்த மக்களவையின் முழுப் பதவிக்காலம் முடியும்போது தாமும் முடிந்துவிடும். 2029 தேர்தலுக்குப் பிறகு அந்த நாள் குறிக்கப்பட்டால், 2031இல் தமிழ்நாட்டு மக்கள் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றத்துக்கு 2034 வரை, ஏறத்தாழ மூன்றாண்டுதான் ஆயுள். 2032இல் வாக்களிக்கும் உத்தரப் பிரதேசத்துக்கு இரண்டு. 2033இல் வாக்களிக்கும் கர்நாடகத்துக்கு ஒன்று.

இது ஒருமுறை நடந்து முடிகிற மாற்றம் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை உறுத்துவது அதற்கடுத்த பகுதி. ஒரு சட்டமன்றம் இடையில் கலைந்தால், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்றம் எஞ்சிய காலத்துக்கு மட்டுமே பதவியில் இருக்கும். அந்த எஞ்சிய காலத்துக்குக் கீழ்வரம்பு எதையும் மசோதா வைக்கவில்லை. ஆனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவைப் பாருங்கள். ஒரு தொகுதி காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று சொல்லும் அதே பிரிவு, எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை என்கிறது. ஒரே ஓர் உறுப்பினரை ஓராண்டுக்கும் குறைவாகத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்று கருதும் சட்டத்துக்குப் பக்கத்திலேயே, 234 பேரையும் எட்டு மாதத்துக்குத் தேர்ந்தெடுக்க இடம் தரும் மசோதா வந்து நிற்கிறது.

அந்த எட்டு மாதத்தில் தேர்தல் மனுவின் கதி என்னவாகும்? தாக்கலுக்கே 45 நாள் போய்விடும். அவை கலைந்தால், ஊழல் நடவடிக்கைக் குற்றச்சாட்டு (வாக்குக்குப் பணம் கொடுத்தது போன்றவை) உள்ள மனுக்கள் தவிர மற்றவை பொருளற்றுப் போகும் என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. ஆக, வாக்கு எண்ணிக்கையில் தவறு நடந்தது என்று ஒரு வாக்காளர் நிரூபித்துக் காட்டுவதற்கான காலமே இருக்காது. அந்த உரிமை சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்துகொண்டிருக்கும்.

யார் கலைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை தமிழ்நாட்டுச் சட்டமன்றம் குடியரசுத் தலைவர் ஆட்சியின்கீழ் கலைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் மக்கள் மறுபடி வாக்களித்தபோது அந்த வாக்குக்குப் புதிதாக ஒரு முழுப் பதவிக்கால மதிப்பு இருந்தது. இனி 356ஆவது உறுப்பைப் பயன்படுத்தி ஓர் அரசைக் கலைத்தால், கலைத்தவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை. ஆயுள் குறைந்த சட்டமன்றம்தான் மக்களுக்கு மிஞ்சும். 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்துக்கு எல்லை வகுத்ததால் இன்று ஆபத்து குறைந்திருக்கிறது. ஆபத்து குறைந்ததற்காக வாக்கின் மதிப்பை ஏன் குறைக்க வேண்டும்?

அடிக்கடி தேர்தல் வந்தால் நிர்வாகம் தடைப்படும் என்ற மறுபக்கத்து வாதத்தில் நியாயம் இருக்கிறது. தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தால் புதிய பணிகளை அறிவிக்க முடியாது. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் தேர்தல் பணிக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களைக் குறைக்கலாம், கட்டம் கட்டமாக நடக்கும் வாக்குப்பதிவைச் சுருக்கலாம். சட்டமன்றத்தின் ஆயுளைத் தொட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. 172ஆவது உறுப்பைத் திருத்த மாநிலங்களில் பாதியின் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டாயம் 368ஆவது உறுப்பின் பட்டியலில் இல்லை. ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதை ஆராய்ந்த ராம்நாத் கோவிந்த் குழுவும் இந்தத் திருத்தத்துக்கு மாநிலங்களின் ஒப்புதல் தேவையில்லை என்றே 2024 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2024 பிப்ரவரி 14 அன்றே எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டப்படி அதற்குக் கட்டுப்படுத்தும் வலு கிடையாது. எனவே இதை நாடாளுமன்றத்தில்தான் தடுக்கவோ திருத்தவோ முடியும். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்படும் இடம் அது; அறிமுக நிலையில் கிடைத்த ஆதரவு 269, எதிர்ப்பு 198.

உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அவருக்கு எழுதுங்கள். எஞ்சிய காலத்துக்குக் கீழ்வரம்பு ஏன் இல்லை, கலைப்புக்குப் பிறகு வரும் சட்டமன்றத்துக்கு ஏன் முழு ஐந்தாண்டு இல்லை என்ற இரண்டு கேள்விகளை உறுப்பு எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்.