மூடிய கிணறு சொல்லும் கணக்கு

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் மகன் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஆலையில் வேலை செய்கிறார். அங்கே கருவிகளில் நுண்கசிவு இருக்கிறதா என்று ஹீலியம் செலுத்திப் பார்ப்பார்களாம். “நிறமில்லை, மணமில்லை, தீப்பற்றவும் செய்யாது. நிலத்துக்கடியில் இது எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அளக்கிறார்கள்?” என்பது அவர் கேள்வி.

யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிப்படும் ஆல்ஃபா துகள்தான் ஹீலியத்தின் அணுக்கரு. பழம்பாறைகளில் அப்படிப் பிறந்த வாயு மேலே கசிந்து வந்து, உப்பு அல்லது களிப்பாறை மூடியின் கீழ் சிக்கிக்கொள்கிறது. இது பள்ளிப் பாடம்தான். 1903-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து டெக்ஸ்டர் ஊரில் பீறிட்ட வாயுவைக் கொளுத்திப் பார்க்க ஊரே திரண்டது. எரியும் வைக்கோல் கட்டை அருகில் கொண்டுபோனதும் தீ அணைந்துபோனது. 1905-இல் கேடி, மெக்ஃபார்லண்ட் என்ற வேதியியலாளர்கள் அந்த வாயுவில் 1.84% ஹீலியம் இருப்பதைக் கண்டார்கள்.

இன்று சோதனைக்குரிய பாறை அடுக்கை ரப்பர் அடைப்பான்களால் தனியே பிரித்து, வால்வைத் திறந்து வாயுவை மேலே வரவிடுகிறார்கள். மாதிரியைச் செம்புக் குழாயில் பிடித்து இரு முனைகளையும் நசுக்குகிறார்கள். நசுங்கிய இடத்தில் செம்போடு செம்பு ஒட்டி ஒன்றாகிவிடும். கண்ணாடிக் குப்பியில் வைத்தால் நாளடைவில் கண்ணாடிச் சுவரையே ஊடுருவி ஹீலியம் தப்பிவிடும். ஆய்வகத்தில் அந்த மாதிரியைப் பார்த்தால் ஹீலியம் எத்தனை சதவீதம் என்பது கிடைத்துவிடும்; செய்திகள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகின்றன.

என்னை மயக்குவது அடுத்த கட்டம். வால்வை மூடிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

நிபோங் திபால் பக்கத் தோட்டத்தில் என் தாத்தா இருந்தபோது லயன் வீடுகளுக்கெல்லாம் ஒரே கிணறு. வறட்சி வந்தால் அடிமண் தெரியும்வரை இறைத்துவிட்டு, முடிச்சுகள் போட்ட கயிற்றைத் தொங்கவிட்டு, கிணற்றுக் கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு முடிச்சும் நனைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார். ஊற்றுக்கண்ணை அவர் பார்த்ததில்லை; நீர் ஏறும் வேகத்தை வைத்தே அதன் பலத்தைச் சொல்லிவிடுவார்.

வாயுக் கிணற்றிலும் அதே கதைதான். முடிச்சுக் கயிற்றுக்குப் பதிலாக, குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைக்கொண்டு அளக்கும் அழுத்தமானி. வாயு வெளியேறியதால் கிணற்றடியில் அழுத்தம் விழுந்திருக்கும். மூடியதும் சுற்றுப் பாறையிலிருந்து வாயு வந்து நிரம்ப, அழுத்தம் ஏறும். அந்த மாற்றத்தின் அலை பாறைக்குள் மெல்லப் பரவுகிறது. இரு மடங்கு தூரம் எட்ட நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஆகவே முதல் நிமிடங்கள் கிணற்றோரத்தைப் பற்றியும், பிந்திய மணிகளும் நாள்களும் தொலைவைப் பற்றியும் பேசுகின்றன.

1951-இல் ஹார்னர் என்ற பொறியாளர் காட்டிய வழியில், நேரத்தை மடக்கை அளவில் (ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஒரே இடைவெளி விட்டு) குறித்தால் அழுத்தம் நேர்கோடாக ஏறும். அதன் சாய்விலிருந்து பாறை எவ்வளவு எளிதாக வாயுவை விடுகிறது என்று கணக்கிடலாம். சில கிணறுகளில் அந்தக் கோடு திடீரென வளைந்து, சரியாக இரு மடங்கு சாய்வோடு ஏறத் தொடங்கும். எங்கோ ஒரு பக்கத்தில் வாயு புகாத பிளவுச்சுவர் நிற்கிறது என்பதற்கு அது அடையாளம். அலை அதைத் தொட்டபின் அந்தப் பக்கத்திலிருந்து வரத்து இல்லை. யாரும் கண்டிராத சுவருக்கு எத்தனை மீட்டர் தூரம் என்பதையும் அந்த வளைவின் நேரமே தந்துவிடுகிறது. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு சேதியும் உண்டு. பல நாள் ஓடவிட்டு மூடிய பிறகு அழுத்தம் பழைய நிலைக்கு ஏறாமல் கீழேயே நின்றுவிட்டால், கிடங்கு சிறியது. சதவீதம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்தக் கிணறு நீடிக்காது. பாறை அதை மீண்டும் நிரப்பும் என்று காத்திருக்கவும் முடியாது. யுரேனியம்-238 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும்.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களை இன்றும் நம்புகிறோம். தேங்காய் எழுந்து நின்றும் தண்ணீர் வராத இடங்களை யாரும் எண்ணி வைப்பதில்லை. அழுத்தமானியோ “இங்கே இல்லை” என்றும் எழுதிக் காட்டுகிறது. அதனால்தான் ஹீலியம் தேட உரிமம் கொடுக்கும் எந்த அரசும், சதவீதத்தோடு மூடிய கிணற்றின் அழுத்தப் பதிவையும் பொதுவில் வைக்கும்படி கேட்க வேண்டும் என்கிறேன்.