சல்ஃபோராஃபேன்: சொல்லும் பொருளும்

ப்ரோக்கோலியைப் பற்றிய பேச்சில் ‘புற்றுநோய் எதிர்ப்பு’ என்ற அடைமொழியோடு அடிபடும் பெயர் சல்ஃபோராஃபேன்; இது கந்தகம் கொண்ட ஒரு தாவர வேதிப்பொருள். பெயரின் முன்பாதி சல்ஃபர், அதாவது கந்தகம். பின்பாதி ‘ரஃபானஸ்’ என்ற முள்ளங்கியின் தாவரவியல் பேரினப் பெயர். முள்ளங்கி விதையில் உள்ள சல்ஃபோராஃபீன் என்ற பொருளின் நெருங்கிய உறவு இது. அதிலுள்ள ஓர் இரட்டைப் பிணைப்பு இதில் கிடையாது. 1948இல் ஷ்மிட், கார்ரர் என்ற வேதியியலாளர்கள் இருவரும் இதை ஆய்வகத்தில் தயாரித்தார்கள். 1992இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலாலேயின் குழு இதை ப்ரோக்கோலியிலிருந்து பிரித்தெடுத்து, உடலின் நச்சுநீக்க நொதிகளை இது தூண்டுவதைக் காட்டியது.

இதைத் தமிழில் ‘முள்ளங்கிக் கந்தகம்’ என்று மொழிபெயர்த்தால் வாசகர் தவறான காயை வாங்கிவிடுவார். பெயரை ஒலிபெயர்த்துவிட்டு, முதல்முறை வரும் இடத்தில் ‘கந்தகம் கொண்ட தாவர வேதிப்பொருள்’ என்று சேர்த்துச் சொல்வதே சரி.

முழுசாக இருக்கும் ப்ரோக்கோலியில் சல்ஃபோராஃபேன் அநேகமாக இருக்காது. குளுக்கோராஃபனின் என்ற மூலப்பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் திசுவில் தனித்தனியே கிடக்கின்றன. நறுக்கும்போது, மெல்லும்போது இரண்டும் கலந்தால்தான் அது உருவாகும். அதிக சூட்டில் நொதி செயலிழந்துவிடும். கொதிநீரில் போட்டால் மூலப்பொருளும் நீரில் இறங்கும், அந்த நீரை நாம் வடித்துக் கொட்டிவிடுவோம். 2 மி.மீ. அளவில் பொடியாக நறுக்கி, 90 நிமிடம் வைத்துவிட்டு வதக்கினால், உடனே வதக்கியதைப்போல 2.8 மடங்கு கிடைத்ததாக 2018இல் ஓர் ஆய்வு சொன்னது.

உறைய வைத்த பாக்கெட் ப்ரோக்கோலியை வெந்நீரில் முக்கி எடுத்த பிறகே உறைய வைக்கிறார்கள். அதில் நொதி பெரும்பாலும் போயிருக்கும், எத்தனை நேரம் நறுக்கி வைத்தாலும் பயனில்லை. அதற்குக் கைகொடுப்பது கடுகு: வெந்த 200 கிராம் ப்ரோக்கோலிக்கு 1 கிராம் வறுக்காத கடுகுப் பொடி, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறியபின். கடுகிலும் மைரோசினேஸ் உண்டு. எண்ணெயில் தாளித்த கடுகு மணக்கும், ஆனால் இந்த வேலைக்கு உதவாது.

இனி ‘புற்றுநோய் எதிர்ப்பு’ என்ற அந்த அடைமொழி. சல்ஃபோராஃபேன் செல்லில் கீப்1 என்ற புரதத்தைப் பிடிக்க, அதன் பிடியில் இருந்த என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதம் விடுபட்டு நச்சுநீக்க நொதிகளைப் பெருக்குகிறது. சீனாவின் சிடோங்கில் 291 பேர் பங்கேற்ற 12 வார ஆய்வில் (2014), ப்ரோக்கோலி முளைப் பானம் குடித்தவர்களுக்குச் சிறுநீர் வழியே வெளியேறிய பென்சீன் (காற்று மாசிலுள்ள ஒரு நச்சு) கழிவு 61% கூடியது. அளந்தது நச்சு வெளியேற்றத்தை; கட்டி கரைந்ததை அல்ல. ஆகவே ‘புற்றுநோய்த் தடுப்பு ஆற்றல் ஆராயப்படும் பொருள்’ என்று எழுதலாம், ‘புற்றுநோய் மருந்து’ என்று எழுதக்கூடாது. சில நுரையீரல் புற்றுச் செல்கள் அதே என்ஆர்எஃப்2வை மிகையாக இயக்கித்தான் கீமோ மருந்துக்கு அடங்காமல் தப்புகின்றன. சிகிச்சையில் இருப்பவர்கள் இதன் மாத்திரையைத் தொடுமுன் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் ப்ரோக்கோலியின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும்.